வரம்பற்ற முடியா? தொண்டைமான் நாட்டின் அரசதிகாரம் பற்றி

பிரான்சின் பதினான்காம் லூயி 1682இல் தன் அரசவையை வெர்சாய் அரண்மனைக்கு நிரந்தரமாக மாற்றினார். 1685இல், தன் பாட்டனார் புராட்டஸ்டண்ட் மக்களுக்குக் கொடுத்திருந்த உரிமைச் சாசனத்தை ஒரே ஆணையில் ரத்து செய்தார். அதற்கு அடுத்த ஆண்டு வாக்கில் ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி தன் மனைவி காதலி நாச்சியாரின் சகோதரர் ரகுநாதராயத் தொண்டைமானைப் புதுக்கோட்டைச் சீமைக்கு அதிபதியாக அமர்த்தினார். அதுவரை அங்கே பல்லவராயர்கள் ஆண்டு வந்தார்கள். ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் இரண்டு முடிகள். ஒன்றைப் பள்ளிப் பாடநூல்கள் 'வரம்பற்ற முடியாட்சி' என்று சொல்லித் தருகின்றன. மற்றொன்றைப் பற்றி அவை பேசுவதேயில்லை. ஆனால் ஊர்ப்பேச்சில் அதுவும் 'ராஜா வைத்ததே சட்டம்' என்ற கணக்கில்தான் வருகிறது.

இரண்டு நம்பிக்கைகளையும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வரலாற்றாசிரியர்கள் துருவித் துருவிப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளைப் பொன்னமராவதிச் சீமையில் நின்று படித்தால் என்ன தெரிகிறது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெய்க்கீர்த்தியிலும் பட்டப்பெயர்களிலும் எல்லையில்லாததாகத் தெரிந்த அரசதிகாரம், நடைமுறையில் நாட்டார், அம்பலக்காரர், சேர்வைக்காரர், கோயில் என்று பலரிடம் பங்காகிக் கிடந்தது. புதுக்கோட்டையில் அந்தப் பங்காளிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு அரசரை மட்டும் தனியே நிறுத்தியது ஆங்கிலேயர் காலம். அப்படி நிறுத்தப்பட்ட அரசருக்குத் தன் மகனுக்குப் பட்டம் கட்டும் அதிகாரம்கூட இருக்கவில்லை.

அரசனின் வரம்பு பற்றிய பேச்சு இந்தச் சீமைக்குப் புதிதல்ல. சங்கப் புலவர்களில் ஒருவரான பூதப்பாண்டியனுக்கு 'ஒல்லையூர் தந்த' என்ற அடை உண்டு. அந்த ஒல்லையூரைப் பொன்னமராவதிக்கு அருகிலுள்ள ஒலியமங்கலம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். புறநானூற்றின் 71ஆம் பாட்டு அவர் பாடிய வஞ்சினம். பகைவரைத் தோற்கடிக்காவிட்டால் தனக்கு என்னென்ன பழி வரவேண்டும் என்று அவர் அடுக்குகிறார். அந்தப் பழிகளில் ஒன்று, நீதி வழங்கும் அவையில் தகுதியில்லாத ஒருவனை அமர்த்தி முறை கெட ஆண்டவன் என்ற பெயர். போர்க்களத்துக்குப் புறப்படும் ஓர் அரசனுக்கு, நியமனத்தில் செய்யும் தவறு இத்தனை பெரிய இழுக்காகத் தெரிந்திருக்கிறது. எனக்கு இந்தப் பாட்டு ஓர் இலக்கியச் சான்றைவிடப் பெரிது. அரசன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு இந்த மண்ணில் கிடைக்கும் மிகப் பழைய பதில்களில் அது ஒன்று.

பொன்னமராவதியிலிருந்து சிறிது தொலைவில், இன்றைய சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் பூலாங்குறிச்சி இருக்கிறது. அங்கே மலைப்பாறையில் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டுகள் ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சேந்தன் கூற்றன் என்ற அரசனின் ஆணைகள் அவை. ஒல்லையூர்க் கூற்றம் அவற்றில் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறது. கோயில், பிரமதேயம் ஆகியவற்றின் நிலங்களில் எவருக்கு எந்த உரிமை என்பதே பொருள். அரசன் புதிய உரிமையைக் கொடுக்கும்போதே பழைய உரிமைக்காரர்களின் பங்கு கெடாமல் இருக்கவும் வழி சொல்ல வேண்டியிருக்கிறது. ஆணை மேலிருந்து வருகிறது. ஆனால் அது வந்து இறங்கும் நிலத்தில் ஏற்கெனவே பலர் கால் ஊன்றி நிற்கிறார்கள்.

பொன்னமராவதி என்ற பெயரே பிற்காலத்தில் ஓர் அரண்மனையோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பாண்டியப் பட்டத்துக்கு நடந்த உள்நாட்டுப் போரில் இலங்கை மன்னன் பராக்கிரமபாகு தலையிட்டான். அவன் தளபதி இலங்காபுரன் இந்த ஊருக்கு வந்து இங்கிருந்த மூன்று நிலை மாளிகையை எரித்ததாகச் சூளவம்சம் சொல்கிறது. அந்தக் காலத்தில் இங்கே நிஷதராயர் என்ற குறுநிலத் தலைவர்கள் இருந்தார்கள். மதுரைப் பாண்டியன் யார் என்ற வழக்கில் இவர்களைப் போன்ற தலைவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானித்தது. 14ஆம் நூற்றாண்டில் பாண்டிய அரசு சிதறியபோது ஊர்கள் செய்தது இன்னும் வியப்பானது. புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில், ஊரார் கூடிப் பாடிகாவல் உரிமையை ஓர் அரையருக்கு விலைக்கு விற்ற செய்திகள் வருகின்றன. காவல் காக்கும் பொறுப்பும் அதற்கு ஈடாக விளைச்சலில் வாங்கும் பங்கும் ஓர் ஒப்பந்தமாகக் கல்லில் வெட்டப்பட்டன. தங்களைக் காப்பவனை ஊரே தேர்ந்து, விலை பேசி, எழுதி வாங்கிக்கொண்டது. பின்னாளில் 'அரசன் குடிகளைக் காக்கிறான்' என்று சொன்ன எல்லா அரசவைப் புகழ்ச்சிக்கும் அடியில் இப்படி ஒரு விற்பனைப் பத்திரம் இருக்கிறது.

தென்னிந்திய அரசுகளைப் பற்றிய நவீன விவாதம், அதிகாரம் அரசனிடமா ஊர்களிடமா என்ற இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில்தான் ஓடியது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1930களில் சோழர் வரலாற்றை எழுதியபோது, வலிமையான மையமும் ஒழுங்கான அதிகாரவர்க்கமும் கொண்ட பேரரசாக அதைக் கண்டார். பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார். ஆப்பிரிக்காவின் அலூர் மக்களைப் பற்றிய ஆய்விலிருந்து ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு, சோழ அரசு கூறுகளாகப் பிரிந்த அரசு என்றார். மன்னனுக்குச் சடங்கு முறையில் மேலாண்மை இருந்தது, நிலத்திலும் வரியிலும் உண்மையான ஆட்சி ஒவ்வொரு நாட்டின் வேளாண் தலைவர்களிடம் இருந்தது என்பது அவர் வாதம். எ. சுப்பராயலுவும் நொபொரு கராஷிமாவும் கல்வெட்டுகளை ஆயிரக்கணக்கில் எண்ணி வகைப்படுத்தி இதற்குப் பதில் தந்தார்கள். அதிகாரிகளின் பட்டங்களும் வரிப் பெயர்களும் எங்கே, எப்போது, எத்தனை முறை வருகின்றன என்று பார்த்தால், முதலாம் ராஜராஜன் காலத்திலிருந்து மையத்தின் கை நீண்டது தெளிவாகத் தெரிகிறது. எனக்கு இவர்கள் வழியே சரி என்று படுகிறது. அரசன் வலியவனா, மெலியவனா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த வரியில் என்று கேட்க வேண்டும்.

இதே திருத்தம் ஐரோப்பிய வரலாற்றிலும் நடந்தது. அங்கே கோட்பாடு முழக்கமாக இருந்தது. ழான் போதேன் 1576இல் அரசனின் இறையாண்மை பிரிக்க முடியாதது என்று எழுதினார். ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் 1598இல் தானே ஒரு நூல் எழுதி, மன்னர்கள் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர்கள் என்றார். டென்மார்க் 1665இல் அரசனின் முழு அதிகாரத்தை எழுத்துச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது. ஆனால் போதேனின் நூலைத் திறந்து படித்தால் அவரே வரம்புகளையும் சொல்கிறார். தெய்வ நீதியை அரசன் மீறலாகாது, குடிகளின் உடைமையை அவர்கள் இசைவில்லாமல் எடுக்கலாகாது. ஜேம்ஸின் மகன் முதலாம் சார்லஸ் 1649 ஜனவரி 30இல் தலை வெட்டப்பட்டார். அதே நேரத்தில் பாரிஸில் நீதிமன்றத்தாரும் பிரபுக்களும் கிளர்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். சிறுவன் லூயி ஊரை விட்டு இரவோடு இரவாக வெளியேற வேண்டியிருந்தது.

அந்தச் சிறுவன் 1661இல் ஆட்சியைத் தன் கையில் எடுத்த பிறகு கட்டியெழுப்பிய அரசைத்தான் நாம் வரம்பற்ற முடியாட்சி என்கிறோம். அது எப்படி இயங்கியது? 2 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டுக்கு அரசரின் நேர் ஆட்களாக மாகாணங்களில் இருந்த ஆணையர்கள் ஏறத்தாழ 30 பேர். அவர்களுக்குக் கீழே இருந்த நீதி, வரிப் பதவிகளில் பெரும்பாலானவை விலைக்கு விற்கப்பட்டவை. 1604 முதல், ஆண்டுக் கட்டணம் செலுத்தினால் அந்தப் பதவி மகனுக்கும் போகும். விற்ற பதவியை அரசரால் எளிதில் பறிக்க முடியாது, ஏனென்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். லாங்கடாக் போன்ற மாகாணங்களில் வரி எவ்வளவு என்று உள்ளூர் அவையோடு பேரம் பேச வேண்டியிருந்தது. வில்லியம் பெய்க் 1985இல் லாங்கடாக்கின் கணக்கேடுகளைப் படித்து, திரட்டிய வரியில் கணிசமான பங்கு உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் கைக்கே திரும்பிப் போனதைக் காட்டினார். லூயியின் வெற்றிக்குக் காரணம் பிரபுக்களை நசுக்கியது என்று முன்பு எழுதினார்கள். அவர்களோடு கொள்ளையைப் பங்கிட்டுக்கொண்டது என்கிறார் பெய்க். நிக்கலஸ் ஹென்ஷல் 1992இல் இன்னும் ஒரு படி மேலே போய், வரம்பற்ற முடியாட்சி என்பதே பிற்காலத்தவர் கட்டிய கதை என்றார். அவ்வளவு தூரம் என்னால் போக முடியவில்லை. 1690களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை நிறுத்திய அரசை, ஓர் ஆணையால் லட்சக்கணக்கான புராட்டஸ்டண்ட் மக்களை ஊரை விட்டு ஓடவைத்த அரசை, கதை என்று சொல்லிவிட முடியாது.

வெர்சாயில் இன்னொன்றும் நடந்தது, நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியக்கூடியது. காலையில் அரசர் எழும்போது சட்டையை எடுத்துக் கொடுப்பது யார், இரவில் படுக்கப் போகும்போது மெழுகுவத்தியைப் பிடித்து நிற்பது யார் என்பதற்குப் பெரிய பிரபுக்கள் போட்டி போட்டார்கள். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யார் தலையில், காளாஞ்சி முதலில் யார் கையில் என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடும் ஊர்களில் வளர்ந்தவர்கள் இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நினைக்க மாட்டார்கள். மரியாதையே பதவி. அதை வரிசைப்படுத்தும் உரிமை அரசனிடம் இருந்தது, அவனுடைய கையிருப்பில் மிகப் பெரிய முதலும் அதுதான்.

புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் அரசு இந்த முதலை வைத்தே கட்டப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர் நிக்கலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டையின் அரண்மனை ஆவணங்களைப் படித்தும், ஊர் ஊராகப் போய்த் தலைக்கட்டுகளோடு பேசியும், 1987இல் இந்தச் சிற்றரசைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். தென்னிந்திய அரசதிகாரம் பற்றிப் பேசும் எவரும் கடந்து போக முடியாத நூல் அது. அவர் காட்டும் முக்கியமான உண்மை, தொண்டைமான் சீமையில் பயிரிட்ட நிலத்தில் மிகப் பெரும்பகுதி இனாமாகக் கொடுக்கப்பட்டிருந்தது என்பது. போருக்கு வரும் அமரக்காரர்களுக்கு இனாம். அவர்களை நடத்திவரும் சேர்வைக்காரர்களுக்கும் சர்தார்களுக்கும் பெரிய இனாம். அரச குடும்பத்தின் கிளைகளுக்கு மேலரண்மனை ஜாகிர், சின்னரண்மனை ஜாகிர். கோயிலுக்கு, பிராமணருக்கு, சத்திரத்துக்கு, ஊர்க்காவலுக்கு, ஏரி மடை திறப்பவருக்கு, பூமாலை கட்டுபவருக்கு என்று கீழ்வரை இனாம். இன்றைய நிதித்துறைக் கண்ணால் பார்த்தால் வருவாயை இழந்த அரசு இது. டர்க்ஸ் சொல்வது வேறு. கொடுப்பதன் வழியாகவே அரசன் அரசனாகிறான். நிலத்தோடு பட்டமும், குடையும், பல்லக்கும், தசரா தர்பாரில் ஓர் இடமும் கிடைக்கின்றன. வாங்கியவர் அரசனின் மேன்மையில் ஒரு துளியைப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகத் தன் ஆட்களோடு வந்து நிற்கிறார்.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு அடியில் அரசனால் உண்டாக்கப்படாத ஓர் அமைப்பு இருந்தது. அது நாடு. பொன்னமராவதிக்குப் பக்கத்தில் கொன்னையூர் மாரியம்மன் கோயிலில் பங்குனித் திருவிழாவின்போது 'நாடு செலுத்துதல்' இன்றும் நடக்கிறது. பொன்னமராவதி நாடு, ஆலவயல் நாடு, செவலூர் நாடு, செம்பூதி நாடு என்று ஊர்க்கூட்டங்கள், கம்பும் பாரம்பரிய ஆயுதங்களும் ஏந்தி, தங்கள் தங்கள் வழியில் திரண்டு வந்து அம்மனை வழிபடுகின்றன. மக்கள் அதைப் பக்தியாகவும் ஊர்ப் பெருமையாகவும் பார்க்கிறார்கள். அரசியல் வரலாறு படிப்பவன் அதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தாலுகா, மாவட்டம், சட்டமன்றத் தொகுதி என்று எந்த எல்லை மாறினாலும் மாறாமல் இருக்கும் பழைய ஆட்சி அலகு இப்படி ஆண்டுக்கொரு முறை நடந்து காட்டுகிறது. தொண்டைமான் ஆணை அனுப்பினால் அது நாட்டார் வழியாக, அம்பலக்காரர் வழியாகத்தான் வீட்டு வாசலுக்கு வந்தது. அவர்கள் வேண்டாம் என்றால் ஆணை அரண்மனையிலேயே கிடந்திருக்கும்.

தெய்வத்தோடு அரசன் கொண்ட உறவும் ஐரோப்பாவிலிருந்து வேறுபட்டது. 1730 முதல் 1769 வரை ஆண்ட விஜயரகுநாதராயத் தொண்டைமான் காலத்தில் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் அரசின் தலைவியாகக் கருதப்பட்டாள். அரசர்கள் தங்களைப் பிரகதாம்பாள் தாசர் என்று சொல்லிக்கொண்டார்கள். அம்மன்காசு என்ற சிறிய செப்புக்காசில் ஒரு பக்கம் அமர்ந்த நிலையில் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. அரசரின் முகம் எங்கும் இல்லை. நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசை ஏழைகளுக்கும் வந்தவர்களுக்கும் கொடுத்தார்கள். லூயி கடவுளின் பிரதிநிதியாகக் காசில் தன் முகத்தைப் பொறித்தார். தொண்டைமான் கடவுளின் பணியாளாகக் காசைக் கையில் கொடுத்தார். இரண்டும் அதிகாரத்தைப் பெருக்கும் வழிகள்தான். ஆனால் பணியாள் என்று அறிவித்துக்கொண்ட அரசனிடம் குடிகள் முறையிட ஒரு பிடி கிடைக்கிறது.

இதோடு நிறுத்திக்கொண்டால் பழைய அரசு இனிமையான ஒன்றாகத் தெரியும். டர்க்ஸின் நூலில் எனக்குள்ள மனக்குறை இங்கேதான். அவர் இனாம் வாங்கியவர்களின் கண் வழியாக அரசைப் பார்க்கிறார். இனாம் இல்லாத நிலத்தில் உழுதவர்களுக்கு அரசு எப்படித் தெரிந்தது என்றால், அமானி என்ற வடிவில் தெரிந்தது.

அமானியில் நிலவரி பணமாக இல்லை. விளைச்சலில் பாதியை மேல்வாரமாகச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும். கேட்பதற்கு நேர்மையாக இருக்கிறது, விளையாவிட்டால் வரியும் இல்லையே என்று. நடந்தது என்ன? கதிர் முற்றினாலும் சர்க்கார் ஆள் வந்து பார்க்காமல் அறுக்கக் கூடாது. அறுத்ததைக் களத்தில் அடித்துக் குவித்தால், அம்பாரத்தின் மேல் முத்திரை வைத்துவிட்டுப் போவார்கள். அளப்பதற்கு அதிகாரி வரும்வரை குடியானவன் தன் நெல்லுக்குத் தானே காவல் இருக்க வேண்டும். மழை வந்தால் நெல் முளைக்கும், இழப்பில் பாதி அவனுடையது. அளக்கும் நாளில் முதலில் ஊர்ப் பணியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் உரிய சுதந்திரங்கள் போகும், பிறகு சர்க்கார் பங்கு, கடைசியில் மிச்சம். அளக்கும் மரக்காலிலும் கை விளையாடும், எழுதும் கணக்கிலும் கை விளையாடும். பாதி போய்விடும் என்று தெரிந்தவன் எருப் போட்டு நன்றாக உழ ஏன் மெனக்கெடுவான்? இரவில் தன் வயலிலேயே தான் திருட வேண்டிய நிலைக்கு அவன் தள்ளப்பட்டான். அதைப் பிடிக்க ஒரு காவல் கூட்டம், அந்தக் கூட்டத்துக்குக் கொடுக்க ஒரு பங்கு. சொந்த நிலமே இல்லாமல் பண்ணையாளாக உழைத்த பள்ளர், பறையர் குடும்பங்களுக்கு இந்தக் களத்தில் கிடைத்த கூலி நெல், எல்லாப் பங்கும் போன பிறகு வந்தது. அவர்களுக்கு அரசனின் மேன்மையில் எந்தத் துளியும் கிடைக்கவில்லை. திருவிழா மரியாதை வரிசையில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலைகள் இருந்தன, இடம் இருக்கவில்லை.

ஆகவே அரசதிகாரம் பங்கிடப்பட்டிருந்தது என்று சொல்லும்போது, யாருக்குள்ளே என்று கேட்காமல் விடக் கூடாது. லாங்கடாக்கின் குடியானவனும் திருமயம் தாலுகாக் குடியானவனும் ஒரே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். மேலே உள்ளவர்கள் ஒருவரையொருவர் தடுத்துக்கொண்டது அவர்களுக்கு நிழலாக இருந்ததா, அல்லது எத்தனை பங்குதாரர்களோ அத்தனை வாய் என்று ஆனதா? பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டாவதே நடந்தது என்று நினைக்கிறேன்.

பிரெஞ்சு முடியாட்சியும் தொண்டைமான் அரசும் ஒருமுறை நேருக்கு நேர் மோதவும் செய்தன. 1751இல் ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்காக முகம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகைக்கு ஆளானபோது, சந்தா சாகிபின் பக்கம் பிரெஞ்சுப் படை நின்றது. தொண்டைமான் முகம்மது அலிக்கும் ஆங்கிலேயருக்கும் தானியமும் ஆடுமாடுகளும் தன் காட்டு வழிகளில் அனுப்பிக் கோட்டையைப் பட்டினியிலிருந்து காத்தார். அதற்குப் பழிவாங்க 1754இல் பிரெஞ்சுப் படை புதுக்கோட்டைச் சீமைக்குள் புகுந்து ஊர்களைக் கொளுத்தியது. மக்கள் அதற்குள் மாடு கன்றுகளோடு காட்டுக்குள் போய்விட்டிருந்தார்கள். இங்கே அரசனைக் காத்தது கோட்டையோ நிலைப்படையோ அல்ல. காடும், அந்தக் காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த அம்பலக்காரர்களும் காத்தார்கள். 1799இல் கட்டபொம்மன் பிடிபட்டதும் இதே முறையில்தான். திருக்களம்பூர்ப் பக்கத்துக் காட்டில் உள்ளூர் அம்பலக்காரரின் ஆட்கள் அவரைப் பிடித்தார்கள் என்று புதுக்கோட்டை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அக்டோபர் 16இல் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

தொண்டைமான் செய்தது துரோகமா, ராஜதந்திரமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கட்டபொம்மனைக் கொடுத்தது தவறு என்பதே என் எண்ணம். இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது, அதற்குப் பிறகு அரசதிகாரத்துக்கு என்ன ஆனது என்பது. 1803இல் கம்பெனி கீழாநிலைக் கோட்டையையும் அதன் சீமையையும் தொண்டைமானுக்குக் கொடுத்தது. ஆண்டுக்கு ஒரு யானை கப்பம் என்று நிபந்தனை. அந்த யானையை அவர்கள் ஒருநாளும் கேட்கவில்லை, 1836இல் நிபந்தனையையே தள்ளுபடி செய்தார்கள். கேட்காமல் விட்டதைப் பெருந்தன்மை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதுவரை கொடுப்பவராக இருந்த அரசர் முதன்முறையாக வாங்குபவராக ஆன பத்திரம் அது. 1807இல் சிறுவராக இருந்த அரசர் பட்டத்துக்கு வந்தபோது, தஞ்சை ரெசிடெண்ட் பிளாக்பர்ன் நிர்வாகத்தை மேற்பார்த்தார். சண்டை போட அண்டை அரசர்கள் இல்லை. ஆகவே அமரக்காரர்களுக்கு வேலை இல்லை. ஆகவே அவர்களைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டிய தேவை அரசருக்கும் மெல்ல மெல்லக் குறைந்தது. எதிரிகளை நீக்கியதன் மூலமே அரசனைத் தன் ஆட்களிடமிருந்து பிரித்துவிட்டார்கள்.

1839இல் பட்டத்துக்கு வந்த ராமச்சந்திரத் தொண்டைமான் கடனிலும் செலவிலும் மூழ்கினார் என்று ஆங்கிலேய ஆவணங்கள் திரும்பத் திரும்பக் குறைகூறுகின்றன. 1854இல் வெங்கண்ணன் சேர்வைக்காரர் கிளர்ந்தெழுந்தார், ஆங்கிலேயப் படையின் நிழலில் அது அடக்கப்பட்டது. 1859இல் அரசரின் பட்ட மரியாதையைச் சென்னை அரசாங்கம் தண்டனையாகப் பறித்தது, 1870இல் திருப்பிக் கொடுத்தது. மரியாதையை வழங்குவதே அரசனின் தொழில் என்றிருந்த நாட்டில், அரசனின் மரியாதையை இன்னொருவர் எடுக்கவும் கொடுக்கவும் செய்தார்.

பிறகு வந்தவர் அமராவதி சேஷையா சாஸ்திரி. திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878இல் புதுக்கோட்டைக்கு வந்தார், 1894 வரை இருந்தார். சர்க்கேல் என்ற பழைய பதவிப் பெயர் திவான் என்று மாறியது அவர் காலத்தில். அவர் அமானியை ஒழித்துப் பணத்தீர்வையைக் கொண்டுவந்தார். குடியானவர்களுக்கு இந்த அரசின் வரலாற்றிலேயே நடந்த மிகப் பெரிய நன்மை அது என்று தயங்காமல் சொல்வேன். குளங்களை வெட்டினார், நகரத்தைச் சீர்செய்தார், அரச குடும்பத்தாரின் ஜாகிர்களைச் சர்க்காரோடு சேர்த்தார். 1888இல் இனாம் செட்டில்மெண்ட் தொடங்கியது. இனாம்தார்கள் சேவைக்குப் பதிலாக ஒரு சிறு வரி கட்டிவிட்டு நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்று ஆனது. இங்கே டர்க்ஸ் சொல்வது முழுக்கச் சரி. நிலம் நிலமாக மட்டும் ஆயிற்று. அதனோடு கட்டியிருந்த வருகையும், காவலும், தர்பார் இடமும் அவிழ்ந்து விழுந்தன. அரசருக்கு வருவாய் பெருகியது. அவருக்காகக் கம்பெடுத்து வர வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லாமல் போனது. தாளில் பார்த்தால் லூயி கனவு கண்ட அரசு இதுதான்: இடைத்தரகர் இல்லை, ஜாகிர்தார் இல்லை, ஒரே கருவூலம், ஒரே ஆணை. ஆனால் அந்த ஆணையில் கையெழுத்திடும் முன்பு ஆங்கிலேயரின் இசைவு வேண்டும்.

ராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரனான மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1886 முதல் 1928 வரை அரசராக இருந்தார். தனி ஓர் அரசரின் விருப்பம் நல்லதையும் செய்யும் என்பதற்கு அவர் காலத்தில் ஒரு சான்று உண்டு. பிற்காலத்தில் மருத்துவராகவும் சட்டமன்றத்தில் தேவதாசி ஒழிப்புக்குப் போராடியவராகவும் அறியப்பட்ட முத்துலட்சுமியை, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்க்க எதிர்ப்பு எழுந்தபோது, அரசரே அனுமதி கொடுத்தார். ஊரும் சாதியும் கல்லூரியும் சேர்ந்து தடுத்த ஒன்றை ஓர் ஆணை திறந்துவிட்டது. அதே அரசர் 1915இல் ஆஸ்திரேலியாவில் மாலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். ஆங்கிலேய அரசு அந்தத் திருமணத்தை அரசகுலத் திருமணமாக ஏற்க மறுத்தது. மகன் பிறந்தான், அவனுக்கு வாரிசுரிமை இல்லை என்றது. அரசர் நாட்டை ரீஜெண்ட் பொறுப்பில் விட்டுவிட்டு வெளிநாட்டில் வாழ்ந்து, 1928 மே மாதம் பாரிஸில் இறந்தார். அரச குடும்பத்தின் இன்னொரு கிளையிலிருந்து ஆறு வயதுச் சிறுவர் ராஜகோபாலரைத் தேர்ந்து ஆங்கிலேயர் பட்டத்தில் அமர்த்தினார்கள்.

மக்களுக்கு இடம் கேட்கும் குரல் இந்தக் காலத்தில்தான் எழுந்தது. 1902இல் பிரதிநிதிகள் சபை, 1924இல் சட்டசபை. இரண்டுமே ஆலோசனை சொல்லலாம், கேட்க வேண்டிய கட்டாயம் தர்பாருக்கு இல்லை. திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தியும், புதுக்கோட்டையின் முத்துசாமி வல்லத்தரசும் பொறுப்பாட்சி பற்றிப் பேசிய காலம் அது. சமஸ்தானத்துக்கு உள்ளே பேசுவது சென்னை மாகாணத்தில் பேசுவதைவிடக் கடினம். அங்கே ஆங்கிலேய ஆட்சியை எதிர்க்கலாம், இங்கே எதிர்த்தால் அரசரை எதிர்ப்பதாகிவிடும். இல்லாத அதிகாரத்தின் பெயரால் இருக்கும் அதிகாரம் மறைந்துகொண்டது.

1941 கணக்குப்படி 4,38,648 பேர் வாழ்ந்த, சுமார் 1,180 சதுர மைல் பரப்புள்ள இந்தச் சமஸ்தானம் 1948 மார்ச் 3இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974இல். ராஜகோபாலத் தொண்டைமான் மோதலில்லாமல் முடியைக் கொடுத்தார், பின்னாளில் அவருடைய அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகமானது. இனாம்கள் மட்டும் உடனே போகவில்லை. சென்னை அரசின் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் 1963இல் வந்தன, வழக்குகள் அதற்குப் பிறகும் நீண்டன. அரசர் கொடுத்த கொடை அரசரைவிட நீண்ட காலம் வாழ்ந்திருக்கிறது. அந்த இனாம் பதிவேடுகளும் செட்டில்மெண்ட் கணக்குகளும் இன்னும் எத்தனையோ ஊர்களுக்குத் தனித்தனியே படிக்கப்படவில்லை. பொன்னமராவதி, காரையூர், திருக்களம்பூர், வார்ப்பட்டு என்று ஊர் ஊராக அவற்றைப் படித்தால், அமானிக் களத்தில் கடைசியாக நின்றவர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.